சூளை வாசல் முதலாளி

வர வர மனிதர்களுக்கு எதை நோய் என்று சொல்வது என்கிற விவஸ்தையே இல்லாமல் போய்விட்டது. முதுகு வலித்தால் நோய், சரி. சர்க்கரை ஏறினால் நோய், அதுவும் சரி. ஒரு மனுஷன் தன் பாட்டுக்குத் தன் ரூமில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதுவும் நோயாம். அதற்கு ஒரு கூட்டமாம், கூட்டத்துக்கு ஏசி மண்டபமாம். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, கற்கண்டு கொடுத்து, உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்து, "ஐயா, நீங்கள் தனியாக இருக்கிறீர்கள்" என்று சொல்வார்களாம். இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார்களாம்!

கற்கண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு பழமலை அந்த மண்டபத்தில் இப்படித்தான் கறுவிக்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டினாற்போல அவருக்கு ஒரு பீங்கான் யூனிட். அகல் விளக்கு, பொம்மை, டீ கப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் களிமண் மிதிக்க வந்தவர், மிதித்த இடத்தையே ஒரு நாள் விலைக்கு வாங்கினார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று கையெழுத்துப் போட. இன்னொன்று, முதல் பேனாவை எவனாவது இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராவிட்டால். யாரையும் நம்பாத பிறவி. பழமலைநாதர் கோயிலுக்குப் போனால் செருப்பில் ஒன்றைக் கிழக்குக் கோபுரத்தடியிலும் மற்றதைத் தெற்குக் கோபுரத்தடியிலும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒற்றைச் செருப்பைத் திருடி எவன் என்ன செய்வான் என்பது அவர் கணக்கு. சாமி கும்பிட்டு முடித்து, ஒரு காலில் செருப்பும் மறு காலில் சூடுமாக அவர் மதில் ஓரம் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று பூக்காரிகள் வழிவிட்டு நிற்பார்கள்.

மேடையில் நின்றவர் பயிற்சியாளர் மாணிக்கவேல். பாண்டிச்சேரிக்காரர். நீலக் கோட்டு, கன்னத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு குட்டி மைக்கு. அவருக்குப் பின்னால் பேனரில் 'தலைவர்களின் தனிமை: காரணமும் தீர்வும்' என்று எழுதியிருந்தது.

"மேல போகப் போக ஆளு குறையும் சார்! உச்சியில நிக்கிறவரு தனியா நிக்கிறாரு சார்!"

நம் யூனிட்டில் மாடியே இல்லையே, சிமெண்டு சீட்டுதானே போட்டிருக்கிறோம் என்று பழமலை யோசித்தார்.

"வேல செய்யிறவங்களுக்குப் பேச ஆளு இருக்குது. வேல வாங்குற நமக்கு யாரு சார் இருக்கா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. நேத்து சாயங்காலம் யாரோட டீ குடிச்சீங்க?"

மைக்கு வரிசை வரிசையாக வந்தது. எல்லாருமே சின்னச் சின்ன யூனிட் முதலாளிகள். ஒருத்தர் செல்போனோடு என்றார். ஒருத்தர் பிரஷர் மாத்திரையோடு என்றார். பழமலையோடு ஒரே பட்டறையில் தொழில் கற்று, மங்கலம்பேட்டை ரோட்டில் எதிர்க்கடை போட்ட மாதிரி யூனிட் போட்டிருக்கும் ஞானதாஸ், "என் பிளாஸ்க்கோடதான் சார் குடிச்சேன். அதான் எங்கிட்ட கடன் கேக்காது" என்றதும் மண்டபமே சிரித்தது. பயிற்சியாளர் அவருக்காகக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

அடுத்து மைக்கு பழமலையிடம் வந்தது.

உண்மையைச் சொல்லப்போனால் அவர் டீ குடிப்பது டேபிள் ஃபேனோடு. அவர் ரூமில் அது ஒன்றுதான் அவர் பக்கம் திரும்புகிற ஜீவன். அதுவும் என்ன சொன்னாலும் இல்லை இல்லை என்று தலையாட்டும். ஞானதாஸுக்குக் கைதட்டிய கூட்டத்தில் அதை எப்படிச் சொல்வது?

"என் ஆளுங்களோடதான் குடிக்கிறேன்" என்றார் பழமலை. "சூளை வாசல்ல ஒக்காந்து. டெய்லி."

பயிற்சியாளருக்குப் புல்லரித்துவிட்டது. "இவருதான் சார் தீர்வு! நாம தேடி வந்த தீர்வு இந்த வரிசையில ஒக்காந்திருக்குது சார்!" என்று மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம உங்க யூனிட்டுக்கு வரேன். நீங்க டீ குடிக்கிறத வீடியோ எடுத்து ஊரு பூரா காட்டுறேன்."

ஞானதாஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நானும் வரேன்யா பழமலை. நீ மனுசாளோட ஒக்காந்து டீ குடிக்கிறத என் கண்ணால பாக்கணும்."

"வாய்யா. வந்து பாரு."

"குடிக்கலன்னா?"

"குடிக்கலன்னா இந்த மீசய எடுத்துடுறேன்யா!"

சொல்லிவிட்டார். அத்தனை முதலாளிகளுக்கும் நடுவில் சொல்லிவிட்டார். பழமலையின் மீசை சாதாரண மீசை அல்ல. இரண்டு கன்னத்திலும் ஏறி, காதைத் தொடலாமா என்று யோசித்து நிற்கிற மீசை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்.

*

டீ குடிப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? மறுநாள் சாயங்காலம், டீ நேரத்தில், பழமலை ரூமை விட்டு வெளியே வந்தார். கொல்லைப் பக்கக் கக்கூஸிலிருந்து எவனோ உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தான். எந்நேரமும் அங்கிருந்து ஒரு பாட்டு வரும். கூலி வாங்குகிறவனுக்கு எவ்வளவு கொண்டாட்டம் பார் என்று நினைத்துக்கொண்டு சூளைப் பக்கம் நடந்தார்.

சூளை வாசலில் ஒரே சிரிப்பு. சூளை பார்க்கிற ஆல்பர்ட் எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருக்க, அச்சுப் பிரிவைக் கவனிக்கிற ஜெயமேரி கையில் கிளாஸோடு சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமிக்கொண்டிருந்தாள். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற கண்ணம்மாள் அவள் தலையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

பழமலையின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஸ்விட்சை அணைத்த மாதிரி எல்லாம் நின்றது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜெயமேரியின் புரைகூட நின்றது.

"என்னா தப்பு நடந்துபோச்சு மொதலாளி?" என்றான் ஆல்பர்ட்.

"தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒக்காருங்க."

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவது போல உட்கார்ந்தார்கள். பழமலையும் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"டீ நல்லா இருக்குதா?"

ஜெயமேரி மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு பயந்த குரலில், "நாளயிலேருந்து சக்கரயக் கொறச்சிடுறோம் மொதலாளி" என்றாள்.

அவருக்கு ஒரு கிளாஸ் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. வாளியை விட்டு எழுந்து வந்துவிட்டார். வாளியின் வட்டம் வேட்டியில் பதிந்திருந்தது.

அவர் ரூமுக்குள் வருவதற்குள் யூனிட்டை ஞானதாஸுக்கு விற்கப்போகிறார் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. கண்ணம்மாள் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டே அழுததில், அன்றைக்கு வரைந்த பொம்மையெல்லாம் திகிலடைந்த மாதிரி விழித்தன.

ராத்திரிச் சோறு போடும்போது மனைவி அமிர்தம் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மூஞ்சிய அப்படியே தூக்கிகிட்டுப் போனா யாருங்க டீ குடுப்பாங்க? ஈ.எம்.ஐ வசூலுக்கு வந்த ஆளாட்டம்! கொஞ்சம் சிரிச்சிகிட்டுப் போனா என்னா?"

அடுத்த நாள் சிரித்துக்கொண்டே போனார். ஜெயமேரி பார்த்த மாத்திரத்தில், "என்னா மொதலாளி, பல்லு வலியா? கெராம்பு வெச்சிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஆல்பர்ட் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வண்டியையே ஸ்டார்ட் செய்துவிட்டான். இல்லாத பல் வலியை இருக்கிறது என்று சொல்லித் திரும்பி வர வேண்டியதாகிவிட்டது. கிராம்பு மட்டும் மிச்சம்.

*

வியாழக்கிழமை. மறுநாள் சூளைக்குத் தீ வைக்கிற நாள். கார்த்திகைக்கு அனுப்ப வேண்டிய அகல் விளக்கு மொத்தமும் சூளைக்குள் அடுக்கி ஆகிவிட்டது. வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூச வேண்டியதுதான் பாக்கி.

பழமலை அன்றைக்கு நேராகப் போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய், ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த பிளாஸ்டர் அச்சுகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் இல்லாதபோது என்னதான் பேசுகிறார்கள், பார்த்துவிடலாம்.

சூளை வாசலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் மேடை உண்டு. அதன் மேல் எப்போதும் ஒரு சாக்கு கிடக்கும். இன்று சாக்கு விலகி இருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு பொம்மை எழுந்து உட்கார்ந்திருந்தது. முழங்கை நீளம் இருக்கும். சுடாத பச்சை மண் பொம்மை.

கன்னத்தில் ஏறிய மீசை. சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒரு கை இடுப்பில், ஒரு விரல் எவனையோ மிரட்டி நீண்டிருந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

பழமலை தன் மீசையைப் பிடித்துக்கொண்டார். செய்வினை! எனக்கே செய்வினை! கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வேறு கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்!

ஆனால் கண்ணம்மாள் செய்த வினை வேறு. ஒரு பெரிய உருண்டை ஈரக் களிமண்ணை எடுத்து, பொம்மையின் வயிற்றில் பொத்தென்று அப்பினாள்.

"போன தடவக்கி இந்தத் தடவ மொதலாளிக்குத் தொப்ப கூடிப்போச்சு. அதயும் சேக்கணுமில்ல?"

"வுட்டுக் குடு ஆயா, பாவம், மூச்சு முட்டப்போவுது" என்ற ஆல்பர்ட், ஒரு குட்டி கப்பில் டீ ஊற்றிப் பொம்மையின் முன்னால் வைத்தான். "குடிங்க மொதலாளி. சூடா இருக்குது, ஊதிக் குடிங்க. பல்லு வலின்னு சொன்னீங்களே."

ஓ என்று சிரித்தார்கள். அப்புறம் ஆளாளுக்குப் பொம்மையோடு பேச்சுதான். மாமியார் சண்டையிலிருந்து பஸ் பாஸ் தொலைந்தது வரைக்கும் எல்லாம் அதனிடம் சொன்னார்கள். அது வாயைத் திறந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கடைசியில் ஜெயமேரி வந்து அதன் மீசையை ஈர விரலால் முறுக்கிவிட்டாள்.

"மொதலாளி, ஞாயித்துக்கெழம எம்பொண்ணு மெர்சிக்கு நிச்சயதார்த்தம். கோயில் பக்கத்து ஹாலுலதான். நீங்க இல்லாம நடக்காது. மொத ஆளா வந்துடணும், ஆமா."

அச்சுக்குப் பின்னால் நின்றவர் சட்டைப்பையில் கிடந்த நேற்றைய கிராம்பை எடுத்து நறுக்கென்று கடித்தார். இத்தனை வருஷமாக அவர் அந்த ரூமில் ஃபேனோடு உட்கார்ந்திருக்க, இங்கே ஒருத்தன், அவர் மீசையை வைத்துக்கொண்டு, அவர் பேனாவை வைத்துக்கொண்டு, அவர் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறான். நிச்சயதார்த்தத்துக்கு வேறு அவனுக்குத்தான் அழைப்பு! யோசித்துப் பார்த்தால் வயிறு எரிந்தது. களிமண்ணைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று இன்னும் எரிந்தது.

எல்லாரும் கை கழுவப் போனார்கள். பழமலை பாய்ந்து வந்து பொம்மையைத் தூக்கினார். சனியன், நல்ல கனம். தொப்பையில் அப்பிய மண் கையில் வழுக்கியது. எங்கே கொண்டுபோவது என்று யோசிப்பதற்குள் ஆல்பர்ட்டின் செருமல் கேட்டது. சூளை வாசல் திறந்திருந்தது. குனிந்து, உள்ளே அடுக்கியிருந்த அகல் விளக்குகளுக்குப் பின்னால் பொம்மையைத் திணித்துவிட்டு, மேடையில் சாக்கை உப்பலாக மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"மொதலாளி, இங்கியா இருக்கீங்க? வாசல அடச்சிடட்டுமா?" என்றான் ஆல்பர்ட்.

"அடை, அடை" என்று வாய் சொல்லிவிட்டது.

ஆல்பர்ட் வேலையில் கைகாரன். பேசிக்கொண்டிருக்கும்போதே செங்கல்லை வைத்து அடைத்து, மண் குழைத்துப் பூசி, மேலே விரலால் ஒரு சிலுவையும் போட்டுவிட்டான்.

ரூமுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் பழமலைக்கு உறைத்தது. ஈர மண்! உள்ளே குடைந்தெடுக்காத, கனத்த, ஈரமான பொம்மை. சூளை சூடேறினால் அந்தத் தொப்பை பட்டாசு மாதிரி வெடிக்கும். சுற்றி இருக்கிற அத்தனை அகலும் தூள். கார்த்திகைச் சரக்கு போய்விடும். களிமண் மிதிக்க வந்த முதல் நாளே கற்றுக்கொண்ட பாடம் அது.

வாசலைப் பிரிக்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்களே? என்ன சொல்வது?

இல்லை இல்லை என்று ஃபேன் தலையாட்டியது.

*

வெள்ளிக்கிழமை மாணிக்கவேல் வந்து இறங்கினார். நீலக் கோட்டுக்குப் பதில் பச்சைக் கோட்டு. ஒரு குச்சியின் நுனியில் செல்போன். அவருக்குப் பின்னால் ஞானதாஸ். ஞானதாஸின் கையில் பாக்கெட் பிரிக்காத ஒரு புது ரேஸர்.

"நல்ல கம்பெனியாப் பாத்து வாங்கியாந்தேன்யா. மீசய மழிச்சா எரியக் கூடாதுல்ல?"

பழமலையின் கண் சூளை வாசல் மேலேயே இருந்தது. அங்கே ஒரே கலவரம். சாக்கைத் தூக்கிப் பார்க்கிறார்கள், வாளியைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள், கண்ணம்மாள் யாரையோ சபித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் மாணிக்கவேல்.

"மொதலாளியக் காணும் சார்" என்றாள் கண்ணம்மாள், பழமலையைப் பார்த்துக்கொண்டே.

மாணிக்கவேலும் பழமலையைப் பார்த்தார். "சார் இங்கதான நிக்கிறாரு?"

"இவுரு இல்ல சார். அவுரு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மாணிக்கவேல் விடுகிற ஆளா? நோண்டி நோண்டிக் கேட்டதில் ஜெயமேரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முன்னே ஒரு தடவை சூளையில் தீ தாறுமாறாக எரிந்து பாதிச் சரக்கு பாழாய்ப் போனதாம். முதலாளி முறைத்தால் நாமே நடுங்குகிறோமே, தீ நடுங்காதா என்று கண்ணம்மாள் ஒரு முதலாளி பொம்மை செய்து வாசலில் வைத்தாளாம். அன்றிலிருந்து தீ ஒழுங்காக எரிகிறதாம். திருஷ்டிக்குத் திருஷ்டி, மிரட்டலுக்கு மிரட்டல். அதற்கு டீ வைத்து, மனக்குறையைச் சொல்லி, அப்புறம்தான் தீ. பொம்மை மட்டும் திருப்பிப் பேசக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

"அவுரு இல்லாம நான் கொளுத்த மாட்டேன் மொதலாளி" என்று ஆல்பர்ட் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். "சரக்குக்கு எதுனா ஆச்சின்னா நீங்கதான் என்னய வைவீங்க."

கொளுத்த மாட்டேன் என்றதும் பழமலைக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனால் கண்ணம்மாள் விட்டால்தானே? அவரை மேலும் கீழும் அளந்து பார்த்தாள்.

"பொம்மதான காணும்? ஆளு இருக்காருல்ல? ஏறி ஒக்காரச் சொல்லு."

"அருமை! அருமை!" என்று குதித்தார் மாணிக்கவேல். "ஏறுங்க சார்!"

ஏறாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பழமலை ஏறினார். ஆல்பர்ட் ஒரு பக்கம் தூக்கிவிட, ஞானதாஸ் வேண்டுமென்றே இன்னொரு பக்கம் தூக்கிவிட்டார். கண்ணம்மாள் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த மாலை ஏறியது. ஒரு கையை இடுப்பில் வைக்கச் சொன்னாள், ஒரு விரலை நீட்டச் சொன்னாள், வாயைத் திறக்கச் சொன்னாள். "அப்படியே! தத்ரூபம்!" என்று தள்ளி நின்று பார்த்தாள். ஆல்பர்ட் சிலுவை போட்டுக்கொண்டு, நீட்டிய விரலுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் டீயை வைத்தான்.

"அது பூசையில வெச்ச டீ. கணக்குல சேராது" என்றார் ஞானதாஸ், ரேஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

"பேசக் கூடாது மொதலாளி. சட்டம் தெரியுமில்ல?" என்றாள் கண்ணம்மாள்.

யார் முதலில் ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் ஆளை ஆள் இடித்துக்கொண்டார்கள். ஆல்பர்ட்தான் தொண்டையைச் செருமினான்.

"மொதலாளி, கக்கூசு கதவுக்குத் தாப்பா போடச் சொல்லி நானும் எத்தினி மாசமா கேக்குறேன்? உள்ள ஆளு இருக்குதுன்னு தெரியறதுக்குப் பாட்டுப் பாட வேண்டி இருக்குது. எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் தீந்துபோச்சு மொதலாளி. இப்பல்லாம் சர்ச்சுப் பூசப் பாட்டயே பாடறேன். அது பாவமில்லயா?"

பழமலையின் நீட்டிய விரல் ஆடியது. அந்தப் பாட்டா? அது கொண்டாட்டம் இல்லையா?

"ஆடாதீங்க" என்றாள் கண்ணம்மாள். பிறகு அவள் முறை. "தீவாளிக்கு நீங்க குடுத்த பொடவய நனச்சேன் மொதலாளி. பக்கெட்டு மட்டும் நல்ல செவப்பு. பொடவ வெள்ள. நான் என்னா பக்கெட்டயா கட்டிக்கிறது?"

சிரிப்பு பீறிட்டது. மாணிக்கவேலின் குச்சி ஆடியது. அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். ஃபேன் காற்று களிமண் மேல் வருகிறது, ஆள் மேல் வரவில்லை என்று ஒருத்தி. லீவு கேட்டால் முதலாளி வேறு பக்கம் பார்க்கிறார், வேறு பக்கம் போய் நின்று கேட்டால் இந்தப் பக்கம் பார்க்கிறார் என்று ஒருத்தன். பழமலைக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. பத்து வார்த்தையில் வாயை அடைக்கிற பதில். திறந்த வாயில் அதெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. பேசாமல் இருப்பதில் இவ்வளவு வேலை இருக்கிறது என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"சரி, நேரமாவுது" என்றான் ஆல்பர்ட். பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்டு பர்னர் பக்கம் குனிந்தான்.

பழமலையின் கண்ணுக்குள் தொப்பை வெடித்தது. மீசையா, சரக்கா, சட்டமா, மானமா என்று எதுவும் தோன்றவில்லை. மேடை மேலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆல்பர்ட்டு! கொளுத்தாதடா! உள்ள நான் இருக்கேன்!"

பந்தம் கீழே விழுந்தது. எல்லாரும் மேடை மேல் இருந்தவரைப் பார்த்தார்கள். அடைத்த சூளையைப் பார்த்தார்கள். திரும்ப மேடையைப் பார்த்தார்கள்.

"சாமி வந்துடுச்சு!" என்று கண்ணம்மாள் கையைத் தலைக்கு மேல் குவித்தாள். அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஒரு குடம் தண்ணீரை அவர் காலில் ஊற்றினார்கள். ஆல்பர்ட் மண்டியிட்டு வேகவேகமாகச் சிலுவை போட்டான். ஞானதாஸ்கூட ரேஸரைப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

"யாரு வந்திருக்கீங்க சாமி? சொல்லுங்க!" என்று கெஞ்சினாள் கண்ணம்மாள்.

"அடச்சீ! சாமியும் இல்ல, பூதமும் இல்ல! நேத்து அந்தப் பொம்மயத் தூக்கி உள்ள ஒளிச்சது நாந்தான்! நீ அப்புன ஈரத் தொப்பயோட உள்ள ஒக்காந்திருக்குது. வெடிச்சா சரக்கு பூரா போச்சு!"

"ஏன் மொதலாளி ஒளிச்சீங்க?" என்றாள் ஜெயமேரி. அவள் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

ஒரு நல்ல பொய்யைத் தேடினார். வழக்கமாகக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். இன்று ஒன்றும் அகப்படவில்லை.

"பின்ன என்னாடி? அதுக்கு டீ குடுக்குறீங்க. எனக்குக் கெராம்பு குடுக்குறீங்க. நிச்சயதார்த்தம்னு அதும் மீசய முறுக்கிச் சொல்ற, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? எனக்கும் அதுக்கும் என்னா வித்தியாசம்? எனக்குந்தான் மீசை இருக்குது!"

ஜெயமேரியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள். அடங்கவில்லை. அவள் வெடித்ததும் ஆல்பர்ட் வெடித்தான். கண்ணம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஞானதாஸ் அச்சு அடுக்கைப் பிடித்துக்கொண்டு, "யோவ், களிமண்ணு மேல பொறாமப்பட்டவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா" என்று மூச்சு வாங்கினார். பழமலை எல்லாரையும் முறைக்கப் பார்த்தார். முறைப்பு வந்த வழியிலேயே ஏதோ தடுக்கி விழுந்தது. முதலில் மீசையின் ஒரு நுனி துடித்தது, அப்புறம் மறு நுனி. அப்புறம் நெஞ்சில் எலுமிச்சம்பழம் குதிகுதியென்று குதித்தது.

சிரித்துக்கொண்டே வாசலைப் பிரித்தார்கள். பொம்மை பத்திரமாக இருந்தது. மீசை மட்டும் ஒரு பக்கம் உடைந்திருந்தது. "பாருய்யா, பாதி மீச போச்சு. பந்தயத்துல பாதி எனக்கு" என்றார் ஞானதாஸ்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா மொதலாளி?" என்று கேட்டாள் ஜெயமேரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போன தடவ எம்மவன் சர்ச்சுல மொதமொதலா புதுநன்ம வாங்குனப்ப சொன்னேன். கவருல பணத்த வெச்சி ஆளுகிட்ட குடுத்தனுப்பிட்டீங்க. நீங்க வருவீங்கன்னு முன்னால போட்ட நாற்காலி கடைசி வரைக்கும் காலியா கெடந்துச்சு. பொம்ம வரேன்னும் சொல்லாது, வரலன்னும் சொல்லாது. அதான் அதுங்கிட்ட சொல்றது."

பழமலை மேடையின் ஓரத்தைச் சுரண்டினார். பூசையில் வைத்த டீ ஆறிப்போயிருந்தது. ஆல்பர்ட் அதைக் கீழே ஊற்றிவிட்டு, வேறு டீயை ஊற்றி அவருடைய இரண்டு கைக்கும் இடையில் வைத்தான். எல்லாருக்கும் ஊற்றினான். ஞானதாஸ் கேட்காமலே ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். ரேஸர் எங்கோ விழுந்திருந்தது, யாரும் தேடவில்லை. பொம்மையைப் பழமலைக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தார்கள். வாசலை மறுபடி அடைத்து, ஆல்பர்ட் தீ வைத்தான். சூளை ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் உறுமுவது போல உறுமியது. யாரோ தாழ்ப்பாளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டிப் பாட, மற்றவர்கள் கிளாஸைத் தட்டினார்கள்.

மாணிக்கவேல் குச்சியை நீட்டிக்கொண்டு வந்தார். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "சார், கேமராவப் பாத்து ஒரே ஒரு வார்த்த. உங்க தனிமை தீந்துச்சா?"

பழமலை மேடையிலிருந்து இறங்கினார். வேட்டியை உதறிக்கொண்டார்.

"எனக்கு எப்பய்யா தனிமை வந்துச்சு, தீர்றதுக்கு? ஒக்காந்திருந்த மனுஷனப் புடிச்சி மேடையில ஏத்தி, மொளகா மாலயப் போட்டு, கால நனச்சி வுட்டுட்டு, தீந்துச்சாங்குறியே. எல்லாம் உங்க பொழப்பு. மண்டப வாடக எவ்வளவு, அதச் சொல்லு மொதல்ல."

"சார், அப்ப இந்த டீ?"

"டீல சக்கர பத்தல. நாந்தான் கொறைக்கச் சொன்னேன்னு கொறச்சிட்டாளுங்க."

கிளாஸைக் கீழே வைக்காமலே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், திரும்பிப் பார்க்காமல், "ஜெயமேரி, ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு?" என்றார்.

"பத்து மணி மொதலாளி!"

"செருப்பு வுட நல்ல எடமா இருக்குதா?"

பின்னால் மறுபடி சிரிப்பு கிளம்பியது. அவர் நிற்கவில்லை. கக்கூஸைத் தாண்டும்போது மட்டும் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். தாழ்ப்பாள் வாங்கிப் போட்டால் அதையும் எவனாவது கழற்றிக்கொண்டு போவான். ரெண்டாக வாங்க வேண்டும்.

"தனிமையாம். தீர்வாம்" என்று முணுமுணுத்தபடி, கழுத்தில் மிளகாய் மாலை ஆட ஆட, பழமலை போய்க்கொண்டே இருந்தார்.